அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா: நோய் வரும் முன்பே முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்த பிறகு எங்கே அழைத்துச் செல்வது என்று கூடிப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய இதயத் தசைக்கு நேரும் இழப்பாகும். பெரும்பாலான குடும்பங்களில் இந்த முடிவு பழக்கத்தாலும் அச்சத்தாலும்தான் எடுக்கப்படுகிறது. கையில் பணம் இருந்தால் தனியார், இல்லாவிட்டால் அரசு என்ற ஒற்றைக் கணக்கில் எல்லா நோய்களையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு நகரத்தில் இருக்கும் இரண்டு வகை மருத்துவமனைகளுக்குள்ளும் சிறந்தவை உண்டு, தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஒரே மருத்துவமனையில்கூட ஒரு பிரிவு மிகச் சிறப்பாகவும் மற்றொன்று பெயரளவிலும் இயங்கக்கூடும். ஆகவே, இந்த நோய்க்கு என்ன தேவை, எவ்வளவு நேரத்துக்குள் தேவை, அது இந்த நேரத்தில் எங்கே தயாராக இருக்கிறது என்ற கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். அரசா தனியாரா என்பது அவற்றுக்குப் பிறகு வர வேண்டிய கேள்வி.

நேரம் முடிவுசெய்யும் நோய்கள்

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டால், சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் அதே ஊசி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைப் போட முடியாது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், கம்பி செலுத்தி, உறைந்த ரத்தக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு. தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்றாலும், அதற்கான குழு ஒரு நகரத்தில் சில இடங்களில் மட்டுமே இருக்கும். மாரடைப்பிலும் இதே நிலைதான். இதயக் குழாய் முழுமையாக அடைபட்ட நோயாளி ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு நேராக வந்து சேர்ந்தால், 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இதய மருத்துவர்கள் தமக்கு வைத்துக்கொண்டுள்ள இலக்கு. வேறிடத்திலிருந்து மாற்றித் திறப்பதற்கு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், முதலில் சேர்ந்த இடத்திலேயே அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்கு இரவில் வலது கை தளர்ந்து பேச்சும் குழறியது. பக்கத்திலேயே இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றோம். உடனே படுக்கை கிடைத்தது, உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், செவிலியர்களும் அன்பாகப் பேசினார்கள். ஆனால் ஸ்கேன் எடுப்பவர் காலையில்தான் வருவார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே எவரும் அலட்சியம் காட்டவில்லை. உடனே ஸ்கேன் எடுக்க முடியுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்க எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் அன்றைய பிழை. சித்தியின் வலது கை இன்று வரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

எனவே வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில், நகரத்திலுள்ள இரண்டு வகை மருத்துவமனைகளிலும் சிலவற்றை நேரில் சென்றோ தொலைபேசியிலோ விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரவு 2 மணிக்கு வந்தால் ஸ்கேன் எடுப்பார்களா, ஆஞ்சியோ செய்யும் குழு மருத்துவமனையிலேயே இருக்குமா அல்லது வீட்டிலிருந்து அழைக்கப்படுமா, ரத்த வங்கி வளாகத்துக்குள் இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் இரவில் பணியில் இருக்கிறாரா என்பவையே கேட்க வேண்டியவை. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனைகளில், பயிற்சியில் இருக்கும் பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் பொதுவாக இரவு முழுவதும் பணியில் இருப்பார்கள். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் பெயர் பெற்ற நிபுணர் பகலில் வந்து பார்த்துவிட்டுச் செல்வார், இரவில் பணி மருத்துவர் ஒருவரே பல பிரிவுகளையும் கவனிப்பார். பெரிய தனியார் மருத்துவமனைகளில் இதற்கு விதிவிலக்குகள் நிறைய உண்டு என்பதால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையின் வாசலில் நிற்கும் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு, அவசரத்துக்கும் இப்படித்தான் காத்திருக்க வேண்டும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரிசை புறநோயாளிகளுக்கானது. அவசரப் பிரிவு வந்த வரிசைப்படி இயங்குவதில்லை, நோயின் தீவிரத்தைப் பார்த்தே அங்கே முதலிடம் தருவார்கள். ஆகவே விபத்தில் பலமாக அடிபட்டவரையும், பெரிய தீக்காயம் பட்டவரையும், பாம்பு கடித்தவரையும் கூட்டத்துக்கு அஞ்சிச் சிறிய இடத்துக்குக் கொண்டுபோவதைவிட, இத்தகைய நோயாளிகளை அன்றாடம் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்வது நல்லது. பல நகரங்களில் அந்த இடம் அரசு மருத்துவமனையாகவே இருக்கும். வெறிநாய் கடித்தால், எங்கே போவதென்று யோசிப்பதற்கும் முன்பே, காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட வேண்டும். பிறகு தடுப்பூசி மட்டுமன்றி, ஆழமான காயத்துக்குத் தேவைப்படும் எதிர்ப்புப் புரதமும் (இம்யூனோகுளோபுலின்) இருப்பில் உள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும்.

திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை

அவகாசம் உள்ள அறுவை சிகிச்சை என்றால், கட்டடத்தின் பொலிவைவிட எண்ணிக்கை முக்கியம். 1979-இல் அமெரிக்காவில் 12 வகை அறுவை சிகிச்சைகளை ஏறத்தாழ 1,500 மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. திறந்த இதய அறுவை, ரத்தக் குழாய் அறுவை போன்றவற்றில், ஆண்டுக்கு 200-க்கு மேல் செய்யும் இடங்களில் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்ததையும், இடுப்பு மூட்டு மாற்று போன்றவற்றில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே அந்த நன்மை கிடைத்துவிட்டதையும் அது காட்டியது. எனவே கடினமான அறுவை சிகிச்சை என்றால், இதை நீங்களும் உங்கள் குழுவும் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் பணிவாகக் கேட்பது நோயாளியின் உரிமை. கேள்வியைக் கண்டு சினக்கும் மருத்துவரிடம் நான் என் குடும்பத்தாரை ஒப்படைக்க மாட்டேன். எளிய குடலிறக்க அறுவைக்கோ சாதாரணக் கண்புரை அறுவைக்கோ இவ்வளவு அலைய வேண்டியதில்லை. வசதியையும் காத்திருக்கும் காலத்தையும் பார்த்தே அவற்றுக்கு முடிவெடுக்கலாம்.

ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிற இடங்களில் கைவிடப்பட்ட நோயாளிகள் கடைசியாக வந்து சேரும் அரசு மருத்துவமனையில் இறப்பு அதிகமாகத்தான் இருக்கும். கடினமான நோயாளிகளை முன்கூட்டியே வேறிடத்துக்கு அனுப்பிவிடும் மருத்துவமனையின் கணக்கு அழகாகத்தான் தெரியும். இதைவிட உதவும் கேள்விகள் வேறு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளியின் பெயர், அறுவை செய்ய வேண்டிய பக்கம், ஒவ்வாமை, அறுவைக்கு முன் தர வேண்டிய ஆன்டிபயாடிக் என 19 விஷயங்களைக் குழுவினர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அது. 8 நாடுகளில் 8 மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறியது. இங்கே அந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் விடை அந்த இடத்தின் ஒழுங்கைப் பற்றி நிறையச் சொல்லும்.

சிகிச்சை உண்மையிலேயே தேவைதானா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதை 1963-இலேயே பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ விளக்கினார். செலவைக் காப்பீடு ஏற்கும் இடத்தில், போட்ட படுக்கைகளெல்லாம் எப்படியும் நிரம்பிவிடும் என்று 1961-இல் பொது சுகாதார ஆய்வாளர் மில்டன் ரோமர் காட்டினார். செய்யும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் இடத்தில், தேவைக்கு அதிகமாகச் செய்யத் தூண்டும் விசை இருக்கும். மருத்துவர் நேர்மையானவராக இருந்தாலும் அந்த விசை இல்லாமல் போவதில்லை. அரசு மருத்துவமனையில் அதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. கூட்டத்தின் நடுவே இரண்டு நிமிடத்தில் நோயாளியைப் பார்த்து அனுப்பும்போது, செய்திருக்க வேண்டிய பரிசோதனை விடுபட்டுப் போகலாம், அல்லது சிகிச்சைக்கான தேதி மிகவும் தள்ளிப் போகலாம். இதனால்தான் இரண்டாவது கருத்தை மற்ற வகை மருத்துவமனையில் பெறுங்கள் என்கிறேன். தனியாரில் அறுவை வேண்டும் என்றால் அரசு மருத்துவமனை மருத்துவரிடமும், அரசு மருத்துவமனையில் காத்திருக்கலாம் என்றால் தனியார் நிபுணரிடமும் அறிக்கைகளைக் காட்டுங்கள். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் மனம் தெளியும். முழங்கால் தேய்மானம் சில மாதங்கள் காத்திருக்கும். ஆனால் புற்றுநோய் என்று உறுதியானபின் நீண்ட வரிசையில் காத்திருப்பது சரியல்ல.

மகப்பேற்றுக்கு ஒரு குறிப்பு. சிசேரியன் விகிதத்தைக் கேட்கலாம், ஆனால் விடையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மக்கள்தொகை முழுவதிலும் சிசேரியன் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்வதால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. இது தனியொரு மருத்துவமனைக்கு வைத்த வரம்பு அன்று. சிக்கலான கர்ப்பங்களைப் பார்க்கும் இடத்தில் விகிதம் கூடுதலாக இருப்பது இயல்பு. குறைமாதக் குழந்தை பிறந்தால் அதே கட்டடத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

பணமும் பாதியில் மாறும் துயரமும்

நான் அதிகம் கண்ட துயரம் தவறான மருத்துவமனையைத் தேர்ந்ததால் வந்ததன்று, பாதியில் மாற நேர்ந்ததால் வந்தது. முதல் நாள் முன்பணத்தைக் கட்டிவிட்டுத் தனியாரில் சேர்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கழிகிறது. நகை போகிறது, கடன் ஏறுகிறது. இனி முடியாது என்ற நிலையில், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். நோயாளி மிகவும் பலவீனமாக இருக்கும் நாளில், போய்ச் சேரும் இடத்தில் படுக்கை உறுதியாகாத நிலையில் அந்தப் பயணம் நடக்கிறது. இதைத் தவிர்க்க, சேர்க்கும்போதே மூன்று தொகைகளைக் கேட்க வேண்டும்: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, சிக்கல் வந்தால் எவ்வளவு, தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு. பேக்கேஜ் என்றால் மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருத்தும் சாதனங்கள், ரத்தம், மறுபடி அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்லும் செலவு ஆகியவை அதில் அடங்குமா என்று எழுத்தில் பெற வேண்டும். குடும்பத்தால் தாங்கக்கூடிய எல்லை இதுவென்று மருத்துவரிடம் முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த எல்லை நெருங்கும் முன்பே, நோயாளி சீராக இருக்கும் நேரம் பார்த்து, மாற்றும் இடத்தில் படுக்கையை உறுதிசெய்துகொண்டு, மருத்துவர் மருத்துவரோடு பேசியபின் மாற்ற வேண்டும்.

காப்பீடு இருந்தால் அந்த மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமா, நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, எந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பவற்றை ஆவணத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும், முகவர் சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் செலவு உண்டு. உடன் இருப்பவர் இழக்கும் கூலி, பலமுறை வந்து போகும் செலவு, இருப்பில் இல்லாமல் வெளியில் வாங்கும் மருந்து ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

நீண்ட கால நோய்களில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 156 முறை. அதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் தொடர்ந்து இடம் கிடைக்கும் சுத்தமான மையமே பெயர் பெற்ற தொலைதூர மருத்துவமனையைவிட மேல். குழந்தைகளுக்கு வரும் கடுமையான ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். முதல் மாதச் செலவை வைத்து இடத்தை முடிவுசெய்தவர்கள் பிறகு சிகிச்சையை இடையில் நிறுத்த நேர்வது பெருங்கொடுமை. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். பல நாடுகளில் அரசுத் திட்டத்தில் அதற்கு மருந்து இலவசம், தவறவிட்டால் தேடி வந்து கேட்கவும் ஆள் உண்டு. அதற்குத் தனியாரில் பணம் செலவழிப்பதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை.

இரண்டையும் கலந்து பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஸ்கேனை விரைவாகத் தனியாரில் எடுத்துவிட்டு, அறுவையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். பெரிய அறுவை ஓரிடத்தில் முடிந்தபின், காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் பக்கத்திலிருக்கும் சிறிய மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகடும் வேண்டும். அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், திசுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் விசாரித்தபின் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் எங்கே, விபத்துக்கு எங்கே, குழந்தைக்கு எங்கே, ஆம்புலன்ஸ் எண் என்ன, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் உண்ணும் மருந்துகள் எவை, எவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பவை அதில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஓர் இரவில், அந்த எண்களை அழைத்து ஸ்கேன் இன்னும் இரவில் எடுக்கிறார்களா என்று கேட்டுத் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள்.