லினக்ஸ் கெர்னலில் சிம்பல் பெயர்களைச் சீர்செய்வது எப்படி?

சிம்பல் என்பது ஃபங்ஷன், மாறி போன்றவற்றின் பெயர். கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில், பெயர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேஸ் வசதி கிடையாது. ஆகவே ஒரு டிரைவரில் (வன்பொருளை இயக்கும் நிரலில்), பெயரை அந்தக் கோப்புக்குள்ளேயே அடக்கும் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லைப் போடாமல் ‘ரீசெட்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதினால், டிரைவர் கெர்னலோடு சேர்த்துக் கட்டப்படும்போது அப்பெயர் கெர்னல் முழுவதற்கும் உரியதாகிவிடும். வேறொரு டிரைவரும் அதே பெயரை வைத்திருந்தால் கம்பைலான கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பிழை காட்டி நின்றுவிடும்.

முதலில், அந்தச் சிம்பல் வெளியே தெரிய வேண்டுமா என்று பாருங்கள். கம்பைல் செய்ததும் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பின் மீது, சிம்பல்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை ஓட்டினால், வெளியே தெரியும் ஃபங்ஷனுக்குப் பெரிய ‘டி’யும் (T), கோப்புக்குள் அடங்கியதற்குச் சிறிய ‘டி’யும் (t) வரும். பெரிய ‘டி’ பெற்ற ஒன்றை அதே கோப்பு மட்டுமே பயன்படுத்துகிறது என்றால் ‘ஸ்டாட்டிக்’ போதும். புதுப் பெயர் தேவையில்லை. மற்றவற்றுக்கு, ‘பிசிஐ_எனேபிள்_டிவைஸ்’ என்பதைப் போல, துணை அமைப்பின் பெயரை முன்னொட்டாக வையுங்கள்.

பெயர்களை மாற்றுவதற்கு, எழுத்துகளை மட்டும் பார்த்து மாற்றும் ‘செட்’ (sed) கருவி வேண்டாம். அது பெயரின் ஒரு பகுதி மட்டும் ஒத்துப்போகும் இடங்களையும் மாற்றிவிடும். சி மொழியின் இலக்கணம் அறிந்து நிரலை மாற்றும் காக்சினெல் (Coccinelle) கருவியையே நான் பரிந்துரைப்பேன். கமென்ட்களையும் மேற்கோளுக்குள் இருக்கும் பெயர்களையும் மட்டும் பிறகு மூலநிரல் முழுவதிலும் தேடும் ‘கிட் கிரெப்’ கட்டளை கொண்டு தேடித் திருத்துங்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன் முழு நிரலாக விரிக்கப்படும் சுருக்கம். எக்ஸ்86-64 கணினியில் ஓடும் கெர்னலின் சிம்பல்களைக் காட்டும் ‘/ப்ராக்/கால்சிம்ஸ்’ பட்டியலில் ‘__எக்ஸ்64_சிஸ்_ஓப்பன்அட்’ என்ற சிம்பல் இருக்கும். ஆனால் அது வரையறுக்கப்படும் ‘எஃப்எஸ்/ஓப்பன்.சி’ கோப்பில் அப்பெயரைத் தேடினால் கிடைக்காது. அங்கே ‘சிஸ்கால்_டிஃபைன்4’ மேக்ரோவுக்குள் ‘ஓப்பன்அட்’ என்று மட்டுமே இருக்கிறது. இரட்டை ஹேஷ் குறி (##) கொண்டு மேக்ரோதான் துண்டுகளை ஒட்டி முழுப் பெயரை உருவாக்குகிறது. இப்படி ஒட்டப்படும் பெயர்கள் எந்தத் தேடலிலும் அகப்படா என்பதால், மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை மூலநிரலிலிருந்து எடுக்காமல், ‘என்எம்’ தரும் வெளியீட்டிலிருந்தே எடுங்கள்.

பெயர் மாற்றத்தையும் ‘ஸ்டாட்டிக்’ சேர்ப்பதையும் தனித்தனி பேட்ச்களாக (திருத்தக் கோப்புகளாக) அனுப்புங்கள். ‘ஸ்டாட்டிக்’ சேர்த்தால் கம்பைலர் அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதக்கூடும் என்பதால் இயந்திரக் கட்டளைகள் மாறலாம். பெயர் மட்டும் மாறிய பேட்சில், ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்துப் படிக்கும் ‘ஆப்ஜ்டம்ப்’ கருவி காட்டும் இயந்திரக் கட்டளைகள் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதைவிட உறுதியான சோதனை வேறில்லை.

பின்சேர்க்கை: கெர்னல் தடையின்றிக் கட்டப்பட்டும், மாட்யூல்களில் (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் பகுதிகளில்) மட்டும் ‘அன்டிஃபைன்டு’ (பெயர் வரையறுக்கப்படவில்லை) பிழை வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். எவற்றைக் கட்ட வேண்டும் என்று சொல்லும் உங்கள் கன்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) இல்லாத டிரைவர்கள் கம்பைலே ஆவதில்லை. எனவே அவற்றில் மீந்திருக்கும் பழைய பெயர் உங்களுக்குத் தெரியாது; அவற்றைக் கட்டுபவருக்கே பிழை வரும். அனுப்புவதற்கு முன், இயன்றவற்றையெல்லாம் மாட்யூல்களாகக் கட்டச் சொல்லும் ‘ஆல்மாட்கன்ஃபிக்’ வைத்து ஒருமுறை முழுவதையும் கட்டிப் பாருங்கள்.