உபுண்டு 22.04-இல் டெஸராக்ட் 5: சோர்ஸிலிருந்து நிறுவுவது எப்படி?

படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் டெஸராக்டின் 5-ஆம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. ஆனால் உபுண்டு 22.04-இல் ஏப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் நிறுவினால் 4.1.1தான் கிடைக்கும். உபுண்டு 24.04-க்கு மாற முடிந்தவர்கள் மாறிவிடுங்கள், அதில் 5.3.4 இருக்கிறது. முடியாதவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள். சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலை இறக்கி நாமே உருவாக்கி நிறுவுவது, எப்போதும் கடைசி வழி என்பதே என் கட்சி.

(கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

1. முதலில் கருவிகள். பில்ட்-எசென்ஷியல், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், கிட், லிப்லெப்டோனிகா-டெவ் ஆகியவற்றை 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால்' கொடுத்து நிறுவுங்கள்.

2. கிட்ஹப்பில் உள்ள டெஸராக்டை 'கிட் குளோன்' செய்து, அந்த ஃபோல்டருக்குள் போங்கள்.

3. './ஆட்டோஜென்.எஸ்ஹெச்', பிறகு './கான்ஃபிகர்'. புதியவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். தேவையானவை கணினியில் உள்ளனவா என்று கான்ஃபிகர் ஒவ்வொன்றாகத் தேடும். லெப்டோனிகா (படங்களைக் கையாள டெஸராக்டுக்குத் தேவையான லைப்ரரி) இல்லை என்று நின்றுவிட்டால், 'அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே' என்று தோன்றும். இருப்பது மென்பொருளை ஓட்ட மட்டும் போதுமான லைப்ரரி. கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்ற, அதன் ஹெடர் கோப்புகளும் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்பவை) வேண்டும், அவை '-டெவ்' என்று முடியும் பேக்கேஜில் தனியாக வரும். எந்த மென்பொருளிலும் இப்படிப் பிழை வந்தால், அந்தப் பெயரோடு 'டெவ்' சேர்த்து 'ஏப்ட் சர்ச்' செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

4. 'மேக்'. திரை நிறைய வரிகள் ஓடும், 'வார்னிங்' என்று வந்தால் பதற வேண்டாம். 'எர்ரர்' என்றால்தான் நிற்கும்.

5. 'சூடோ மேக் இன்ஸ்டால்', கூடவே 'சூடோ எல்டிகான்ஃபிக்'. இரண்டாவதை விட்டுவிட்டால், லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று டெஸராக்ட் அடம்பிடிக்கும்.

6. 'டெஸராக்ட் --வெர்ஷன்' கொடுத்து 5 என்று வருகிறதா பாருங்கள்.

தமிழ் இன்னும் வரவில்லை. மொழித் தரவு சோர்ஸோடு வருவதில்லை. டெஸ்டேட்டா_பெஸ்ட் களஞ்சியத்திலிருந்து 'டாம்.ட்ரெயின்ட்டேட்டா' கோப்பை இறக்கி, /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா ஃபோல்டரில் போடுங்கள். இனி '-எல் டாம்' என்று சேர்த்து ஓட்டினால் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கும்.

சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். இப்படி நிறுவியது ஏப்ட்டுக்குத் தெரியாது, அதனால் அப்டேட்டும் வராது. நீக்கும்போது அதே ஃபோல்டருக்குள் போய் 'சூடோ மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும்.