பயிற்சியாளர் ‘இந்தப் பையனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டு’ என்றால்

அமெரிக்கக் கல்லூரி அணியில் இருந்தால் என்றாவது இந்த வேலை உங்கள் தலையில் விழும்: அணியில் சேரும் எண்ணத்தோடு கல்லூரியைப் பார்க்க வரும் பள்ளி வீரருக்கு நீங்கள்தான் துணை. கல்லூரி தன் செலவில் அழைக்கும் அதிகாரபூர்வ வருகை என்றால், சுற்றிக்காட்டும் செலவுக்கு உங்களிடம் ஒரு தொகை தருவார்கள். சிக்கலே அதில்தான். சாப்பாடு, சினிமா, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் எல்லாம் சரி. நினைவாக ஒரு டி-சட்டை வாங்கிக் கொடுத்தால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ-வின் விதிமீறல். மிச்சத்தை வந்தவர் கையில் ரொக்கமாகத் திணிப்பதும் அப்படியே. ரசீதுகளை எடுத்து வையுங்கள், கணக்கு கேட்கும்போது தேட வேண்டாம்.

கல்லூரிக்கு நன்கொடை தரும் பெரியவர் யாராவது “என் காரை எடுத்துட்டுப் போப்பா” என்றால், நன்றி சொல்லி நழுவிவிடுங்கள்; அதுவும் விதிமீறல்தான்.

அப்புறம் பார்ட்டி. வந்திருப்பவருக்குப் பெரும்பாலும் 17, 18 வயதுதான்; அங்கே மது அருந்த 21 ஆக வேண்டும். பார்க்க வந்த பள்ளி வீரர்களை மதுவும் பாலுறவும் காட்டி அணிக்கு இழுத்தார்கள் என்ற கொலராடோ பல்கலைக்கழக விவகாரம் 2004-இல் வெடித்த பிறகு, இத்தகைய வருகைகளுக்கு எழுத்துபூர்வ நடத்தை விதிகள் கட்டாயமாகின. உங்கள் கல்லூரியின் விதித்தாளை முதல் நாளே வாங்கிப் படித்துவிடுங்கள்.