மருத்துவ அறவியலை முதுநிலையில் படிக்க: ஒரு நோயாளியின் கதையிலிருந்து தொடங்கும் வழி

"ஏம்மா, டாக்டர் அவ்வளவு நேரம் பேசினாரு. நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டியே?"

எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்றைக்குச் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் வார்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். உள்ளே போவதற்கு முன் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், அம்மாகிட்ட அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. கட்டின்னு சொன்னா போதும்" என்றார். நானும் கட்டி என்றே சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான், சிகிச்சையில் எது சரி, எது தவறு என்று ஆராயும் மருத்துவ அறவியலைப் பகுதி நேரமாகப் படிக்கப் போனேன். வேலையிடத்தில் எல்லாரும் பயோஎதிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். இப்போது தாதியர், மருத்துவ சமூக சேவையாளர்கள், ஓரிரு இளம் மருத்துவர்கள் என்று பலர் "எங்கிருந்து தொடங்குவது அக்கா?" என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். தத்துவம், சட்டம், விண்ணப்பம் எல்லாம் அங்கிருந்து வரட்டும். கீழே உள்ள படிகளுக்கு ஒரு நோட்டும் இரண்டு மாதமும் போதும்.

படி 1: நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

தமிழில் எழுதுங்கள். யார் என்ன சொன்னார்களோ அந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். "நோயின் பெயரைத் தெரிவிக்க வேண்டாம் எனக் குடும்பம் கேட்டுக்கொண்டது" என்று எழுதினால் பாதி விஷயம் போய்விடும். "அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க" என்ற பேச்சில் மகனுடைய பயம் இருக்கிறது, அம்மா மேல் அவருக்குள்ள பாசமும் இருக்கிறது. இந்த இரண்டும் பின்னால் உங்கள் வாதத்துக்குத் தேவைப்படும்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, தீர்ப்புச் சொற்களையெல்லாம் அடியுங்கள். "மகன் உண்மையை மறைத்தார்" என்பது தீர்ப்பு. "மகன் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்" என்பது நடந்தது. என் முதல் பக்கத்தில் இப்படி ஒன்பது இடங்களை அடித்தேன். அதன் பிறகுதான் எனக்குத் தெரியாதவை கண்ணில் பட்டன: பாட்டிக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்துகொள்ள அவர் விரும்புகிறாரா? இதை யாராவது அவரிடம் கேட்டோமா? யாரும் கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

பெயர், வயது, வார்டு, தேதி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இங்கே நானும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டு வேறு யார் கைக்காவது போனால்கூட நோயாளி யாரென்று தெரியக் கூடாது.

படி 2: ஒரே கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

"சொல்லலாமா, கூடாதா?" என்பதுதான் முதலில் மனதில் வரும். அதற்குள் பல கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தன் நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமை பாட்டிக்கு இருக்கிறதா? அந்த உரிமையை அவர் வேறொருவர் கையில் கொடுக்கலாமா? மொழிபெயர்ப்பவளாக நின்ற எனக்கு யாரிடம் கடமை? டாக்டரிடமா, பாட்டியிடமா, மகனிடமா? சட்டம் என்ன சொல்கிறது? சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? கடைசி இரண்டும் அறக் கேள்விகள் அல்ல. ஒன்று சட்டம், மற்றொன்று பேச்சுத் திறன். புதிதாகப் படிக்க வருபவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள். நானும் முதல் பருவம் முழுக்கக் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அ, ச, பே என்று எழுதி வைத்தால் தெளிந்துவிடும்.

படி 3: நான்கு கோட்பாடுகளைக் கருவியாகப் பயன்படுத்துங்கள்

எங்கே படித்தாலும் முதல் சில வாரங்களுக்குள் இது வந்துவிடும். 1979இல் பீச்சாம்ப், சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகள்: நோயாளியின் தன்விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி.

நான்கு தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவிட்டு அலசல் முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. கோட்பாடுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. பாட்டியின் விஷயத்தில், "சொன்னால் அம்மா உடைந்துபோவார்" என்று மகன் சொல்வது தீங்கு செய்யாமை. பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி தன்விருப்பம். இரண்டும் மோதுகின்றன. அப்போது கேட்க வேண்டியவை: உடைந்துபோவார் என்பதற்கு என்ன ஆதாரம்? சொல்லாமல் விட்டால் வரும் தீங்கு என்ன? தன்னைச் சுற்றி எல்லாரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று தெரிந்தும் எதுவும் கேட்க முடியாமல் படுத்திருப்பதும் தீங்குதானே? போர்வையை இழுத்துக்கொண்டு அவர் திரும்பிப் படுத்ததை நான் இந்த இடத்தில்தான் எழுதினேன்.

வார்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கருவியும் கைகொடுக்கும். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்து மருத்துவ நிலை, நோயாளியின் விருப்பம், வாழ்க்கைத் தரம், சூழல் என்று நிரப்பும் முறை அது. என் நோட்டில் இரண்டாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என்ன தவறு நடந்தது என்பதை அந்தக் காலிக் கட்டமே காட்டிவிட்டது.

படி 4: சிங்கப்பூர்ச் சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள்

இங்குள்ள சட்டங்கள் எல்லாமே அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தைப் படியுங்கள். முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படாத வரை ஒருவருக்கு அது உண்டு என்றே கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடித்தளம். சொன்னதைப் புரிந்துகொள்வது, நினைவில் வைப்பது, எடைபோடுவது, முடிவை ஏதாவதொரு வழியில் தெரிவிப்பது: மனம் அல்லது மூளையின் பாதிப்பால் இந்த நான்கில் ஏதாவதொன்றைச் செய்ய முடியாதவருக்குத்தான் அந்த முடிவுக்கான திறன் இல்லை. வயதானவர், ஆங்கிலம் தெரியாதவர் என்பதெல்லாம் காரணமே ஆகாது.

நம் குடும்பங்களில் பலருக்கு வியப்பு தரும் விஷயம் ஒன்று உண்டு. மகன் என்பதாலேயே, திறனுள்ள அம்மாவுக்காக ஒருவர் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. நான் திறன் இழந்தால் எனக்காக இவர் முடிவெடுக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதும் எல்பிஏ பத்திரத்தை அம்மா எழுதி வைத்திருந்தாலும், உடல்நலம் தொடர்பான முடிவுகளில் அது அவர் திறன் இழந்த பிறகுதான் செயலுக்கு வரும். அப்போதும் உயிர் காக்கும் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பத்திரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அது மருத்துவர்கள் நோயாளியின் நலன் கருதி எடுக்கும் முடிவு.

மருத்துவர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதற்கு 2017ஆம் ஆண்டின் ஹீ சீ கொக் வழக்கைப் படியுங்கள். அதில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளியின் பார்வையிலிருந்து எந்தத் தகவல் முக்கியம் என்று பார்க்கச் சொன்னது. பிறகு இதே விஷயத்துக்காக நாடாளுமன்றம் 2020இல் குடிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நீதி பற்றி எழுத விரும்பினால் உறுப்பு மாற்றுச் சட்டத்தை எடுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரின் உறுப்புகளை அவர் இறந்த பிறகு எடுக்க இடம் தரும் சட்டம் அது. 1987இல் வந்தபோது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான் அதில் அடங்கும். 2004இல் எல்லா வகை இறப்புக்கும், கல்லீரல், இதயம், விழிவெண்படலத்துக்கும் விரிந்தது. 2008இல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டனர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகியவருக்கே பின்னால் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்புப் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை குறையும். இது நியாயமா? வகுப்பில் இதைப் பேச இரண்டு மணி நேரம் போதாது.

படி 5: எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதுங்கள்

முதுநிலைக் கட்டுரையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எழுதியபோது ஆசிரியர் கேட்டார்: "தனிமனித விருப்பம் என்பது மேல்நாட்டுச் சரக்கு, நம் குடும்பங்கள் சேர்ந்துதான் முடிவெடுக்கும் என்று ஒருவர் சொன்னால்?" எனக்கு வாயடைத்துவிட்டது. அதில் உண்மையும் இருக்கிறதே. என் அம்மாவே ஆஸ்பத்திரியில், "பெரியவன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துக்குவான்" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. "பெரியவன் பாத்துக்குவான்" என்று அம்மா சொன்னால், அது அம்மா எடுத்த முடிவு. அதைப் பெரியவரே அம்மாவுக்காகச் சொல்லிக்கொண்டால், அது அம்மாவின் முடிவு அல்ல. குடும்பமாக முடிவெடுப்பதை மதிக்க வேண்டுமானாலும் முதலில் நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். என் கட்டுரை இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நின்றது. எதிர்வாதத்தைப் பலவீனமாக எழுதி எளிதில் தட்டிவிட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

படி 6: எங்கே படிப்பது, எப்படி விண்ணப்பிப்பது

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் 2006 முதல் உயிர்மருத்துவ அறவியல் மையம் இயங்குகிறது. கென்ட் ரிட்ஜ் வளாகம். படிப்புகளும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடுங்கள். பொதுச் சொற்பொழிவு அறிவிப்புகளையும் கவனியுங்கள். அந்த மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய சிங்கப்பூர் வழக்குத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதியோர், குடும்பம், பணிப்பெண், செலவு என்று நம் வீடுகளில் நடப்பவைதான் அதில் இருக்கின்றன. வாரம் ஒரு வழக்கு படித்தால் போதும்.

வகுப்பு வழிப் படிப்பா, ஆய்வு வழிப் படிப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு வகுப்பு வழிதான் தாக்குப்பிடிக்கும். ஆய்வு என்றால், உங்களுக்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் எதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று படித்துப் பார்த்துவிட்டு அவருக்கு எழுதுங்கள். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று ஆரம்பிக்க வேண்டாம். படி 1இல் எழுதிய பக்கத்தைச் சுருக்கி, படி 2இன் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்.

இன்னொன்று: நோயாளிகளையோ சக ஊழியர்களையோ பேட்டி கண்டு ஆய்வு செய்வதாக இருந்தால், ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வரும் முன் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. வார்டில் காதில் விழுந்ததை ஆய்வுத் தரவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

படி 7: படித்ததை வார்டுக்குக் கொண்டு போங்கள்

உங்கள் மருத்துவமனையின் அறநெறிக் குழுவை எப்படி அணுகுவது என்று மேலதிகாரியிடம் கேட்டு வையுங்கள். அப்புறம், உங்கள் வழக்கில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சரளமாக வரும் வரை மாற்றி மாற்றி எழுதுங்கள். எனக்கு ஐந்து தடவை ஆனது. இப்போது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், உள்ளே போவதற்கு முன் டாக்டரிடமும் மகனிடமும் சொல்லிவிட்டு, நோயாளியிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்:

"பாட்டி, டாக்டர்கிட்ட உங்க ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லா விவரத்தையும் நீங்களே கேட்டுக்கிறீங்களா, இல்ல மகன்கிட்ட பேசச் சொல்லட்டுமா? ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி. நீங்க சொல்றபடியே செய்றேன்."