மலையகத்தைப் பற்றி எழுதத் தயங்கியபோது

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் நாடற்றவர்களாக்கப்பட்டதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம், அவர்களின் வலியைச் சொல்ல எனக்கென்ன உரிமை என்ற ஐயம் என் கையைக் கட்டிப்போட்டது. ஆகவே அவர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவான 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் சட்டம் என ஆவணங்களில் உள்ளதை முதலில் எழுதினேன். பிறகு, நான் எந்த ஊரான் என்பதையும், தோட்டத் தொழிலாளரை எங்கள் பக்கத்தில் பலர் இளக்காரமாகப் பேசியதையும் மறைக்காமல் சேர்த்தேன். அதைச் சொல்ல எனக்கு நிச்சயம் உரிமை உண்டு. மலையகத்தின் ஹற்றன் பக்கத்தில், லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பொன்றில் வளர்ந்த தோழியிடம் படிக்கக் கொடுத்தபோது, ‘அப்பாவி மக்கள்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘தொழிற்சங்கம் கட்டியவர்கள்’ என்று ஓரத்தில் எழுதித் தந்தார். அந்தத் திருத்தத்தை வைத்துக்கொண்டு முழுப் பத்தியையும் அன்றிரவே மாற்றி எழுதினேன்.