சாலைப் பள்ளங்களையும் விரிசல்களையும் படத்திலிருந்து கண்டறிதல்: ஆழ்கற்றலில் ஒரு தொடக்கச் செய்முறை

காரின் முன்பகுதியில் பொருத்திய ஒரு கைபேசி நொடிக்கு ஒரு படம் எடுத்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ பதினொரு மீட்டருக்கு ஒரு படம் கிடைத்துவிடும். இந்த எளிய ஏற்பாட்டைக் கொண்டு டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானின் ஏழு உள்ளாட்சிப் பகுதிகளில் எடுத்த 9,053 படங்களை 2018 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டார்கள். அந்தத் தரவுத்தொகுப்பு பின்னர் வளர்ந்து, ஜப்பான், இந்தியா, செக் குடியரசு, நார்வே, அமெரிக்கா, சீனா ஆகிய ஆறு நாடுகளின் 47,420 படங்களைக் கொண்ட ஆர்டிடி2022 ஆக நிற்கிறது. இந்தச் செய்முறையில் அதன் இந்தியப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டெல்லி, குருகிராம், ஹரியானா சாலைகளில் எடுக்கப்பட்டு, பழுது இருக்குமிடத்தில் அது குறிக்கப்பட்ட 7,706 படங்கள் அதில் உள்ளன; பழுதே இல்லாத படங்களும் அவற்றுள் அடக்கம். பைத்தான் மொழியில் அடிப்படைப் பழக்கமும், உலாவியிலேயே நிரலை ஓட்ட உதவும் கூகுள் கோலாப் பயன்படுத்த ஒரு கணக்கும் இருந்தால் போதும்.

முதல் படி: பழுதுகளை அறிதல்

தொகுப்பில் நான்கு பழுதுகளே முதன்மையானவை. டி00 என்பது வண்டி செல்லும் திசையில் ஓடும் நீளவாக்கு விரிசல். டி10 என்பது சாலையின் குறுக்கே ஓடும் விரிசல். டி20 என்பது முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பரப்பு. டி40 என்பது பள்ளம். சக்கரங்களின் சுமை ஓரிடத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் தார்ப்பரப்பு களைத்து முதலைத்தோல் விரிசல் உண்டாகிறது. அதன் வழியே மழைநீர் இறங்கி அடித்தளத்தை இளக்க, ஜல்லி பெயர்ந்து பள்ளமாகிறது. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும் நிலையில் எடுத்த படங்களில் எல்லைக்கோடு தெளிவாக இருப்பதில்லை என்பதால், எந்த நிரலையும் எழுதுவதற்கு முன் குறைந்தது இருநூறு படங்களையாவது குறிக்கப்பட்ட பெட்டிகளோடு திறந்து பாருங்கள். இந்தப் பணியில் நல்ல முடிவைத் தருவது மாதிரியின் (படங்களிலிருந்து கற்றுக்கொண்டு பழுதைக் கண்டறியும் நிரலின்) பெயரைவிடத் தரவின் மேல் நாம் செலுத்தும் கவனமே என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: குறிப்புகளை மாற்றுதல்

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு உண்டு; பழுதைச் சுற்றிய செவ்வகத்தின் இடது, மேல், வலது, கீழ் எல்லைகள் அதில் பிக்சலில் எழுதப்பட்டிருக்கும். நாம் பயன்படுத்தப்போகும், படத்தில் பொருள்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் யோலோ மாதிரிக்கு இவை செவ்வகத்தின் மையம், அகலம், உயரம் என்று, 0 முதல் 1 வரையிலான எண்களாக வேண்டும். ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 720-க்கு 720 பிக்சல் கொண்ட படத்தில் ஒரு பள்ளத்தின் இடது எல்லை 180, மேல் எல்லை 432, வலது எல்லை 324, கீழ் எல்லை 504 என்று கொள்வோம். கிடைமட்ட மையம் 252. அதை 720 ஆல் வகுத்தால் 0.35. செங்குத்து மையம் 468, வகுத்தால் 0.65. அகலம் 144, அதாவது 0.2, உயரம் 72, அதாவது 0.1. பள்ளத்துக்கு 3 என்ற வகை எண்ணைக் கொடுத்திருந்தால், எழுத வேண்டிய வரி: 3 0.35 0.65 0.2 0.1. நிரல் எழுதி முடித்ததும் மாற்றிய எண்களிலிருந்து செவ்வகத்தைத் திரும்பப் படத்தின் மேல் வரைந்து பார்க்கத் தவறாதீர்கள். அகலமும் உயரமும் இடம் மாறியிருந்தால் கணினி எந்தப் பிழையும் காட்டாமல் தவறாகவே கற்றுக்கொண்டிருக்கும்.

நான்கு வகைகளைத் தவிர வேறு குறியீடுகள் தென்பட்டால் நீக்கிவிடலாம். பழுதே இல்லாத படங்களை முற்றிலும் கழித்துவிடாமல் ஒரு பங்கை வைத்திருங்கள். நல்ல சாலை எப்படி இருக்கும் என்பதையும் மாதிரி பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பிரித்தல்

படங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைப் பயிற்சிக்கும், மீதியைச் சரிபார்ப்புக்கும் சோதனைக்கும் ஒதுக்குவது வழக்கம். குலுக்கிப் போட்டுப் பிரிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படங்களில் ஒரே பள்ளம் அடுத்தடுத்த இரண்டு மூன்று படங்களில் விழக்கூடும். அவற்றுள் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று சோதனைக்கும் போனால், மாதிரி முன்பே பார்த்த பள்ளத்தையே மீண்டும் பார்த்து உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே ஒரே இடத்தைக் காட்டும் படங்கள் ஒரே பக்கத்தில் இருக்குமாறு பிரியுங்கள். நீங்களே படம் எடுத்திருந்தால் தெருவாரியாகப் பிரிப்பதே சரி.

நான்காம் படி: பயிற்சி

2023 ஜனவரியில் அல்ட்ராலிட்டிக்ஸ் வெளியிட்ட யோலோவி8 தொகுப்பில் சிறிய அளவு மாதிரி தொடக்கத்துக்குப் பொருத்தமானது. அதில் சுமார் 1.12 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியின்போது சரிசெய்யப்படும் எண்கள், உள்ளன; இவற்றை எடைகள் என்றும் சொல்வார்கள். எண்பது வகைப் பொருள்களைக் கொண்ட கோகோ படத்தொகுப்பில் ஏற்கெனவே கற்ற எடைகளிலிருந்து தொடங்கினால், விளிம்பு, நிழல், பரப்பின் தன்மை போன்றவற்றை மாதிரி புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பட அளவு 640, ஒரு நேரத்தில் பார்க்கும் தொகுதிக்கு 16 படங்கள், பயிற்சிப் படங்கள் அனைத்தையும் பார்த்து முடிக்கும் சுற்றுகள் 100 என்று தொடங்குங்கள். கோலாபின் இலவச அமர்வு இடையில் துண்டிக்கப்படலாம் என்பதால் எடைகளைக் கூகுள் டிரைவில் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

படங்களை மாற்றியமைத்துப் பெருக்கும்போது, இடவலமாகப் புரட்டுவதாலோ வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதாலோ கேடில்லை. ஆனால் படத்தை 90 பாகை சுழற்றவே கூடாது. சுழற்றினால் நீளவாக்கு விரிசல் குறுக்கு விரிசலாகத் தோற்றம் கொள்ளும், பெயர் மட்டும் பழையதாகவே இருக்கும். இரு வகைகளையும் பிரித்தறியும் ஒரே அடையாளத்தை நாமே அழித்தவர்களாவோம்.

ஐந்தாம் படி: மதிப்பிடல்

மாதிரி வரைந்த பெட்டியும் உண்மைப் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் கூடி அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுத்து, விடை 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி என்று கொள்வது இத்துறை வழக்கம். 100-க்கு 100 பிக்சல் பள்ளத்தில் பெட்டி 30 பிக்சல் பக்கவாட்டில் விலகினால் விகிதம் 0.54, தேறிவிடும். ஆனால் 300 பிக்சல் அகலமும் 20 பிக்சல் உயரமும் கொண்ட குறுக்கு விரிசலில், பெட்டி வெறும் 8 பிக்சல் கீழே இறங்கினாலே விகிதம் 0.43 ஆகி, கண்டறிந்தும் தவறு என்றே கணக்கில் சேரும். மேலும் இந்தியப் பகுதியில் பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, குறுக்கு விரிசல்கள் நூறுகூட இல்லை. குறுக்கு விரிசலுக்கு மதிப்பெண் மிகக் குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். ஜப்பான் பகுதியின் படங்களைச் சேர்த்துப் பயிற்சி அளிக்கலாம்.

சோதனையில் 40 பள்ளங்கள் இருக்க, மாதிரி 50 இடங்களைக் காட்டி அவற்றுள் 30 சரியாக இருந்தால், காட்டியவற்றில் சரியானவை 0.6, இருந்தவற்றில் கண்டறிந்தவை 0.75, இரண்டையும் இணைக்கும் எஃப்1 மதிப்பு 0.67. மாதிரி எவ்வளவு உறுதியாக இருந்தால் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும் என்ற நம்பிக்கை வரம்பை உயர்த்தினால் முதல் எண் பெரும்பாலும் கூடும், இரண்டாவது குறையும். பழுதுபார்ப்புக்கு ஆளனுப்புவதற்கு முன் ஒருவர் படங்களைப் பார்க்கப்போகிறார் என்றால் வரம்பைத் தாழ்த்தி வைப்பதையே நான் விரும்புகிறேன். தவறாகக் காட்டிய படத்தை அவர் நொடியில் ஒதுக்கிவிடலாம், விடுபட்ட பள்ளத்தில் இரவில் ஒரு வண்டி இறங்கிவிடும்.

ஆறாம் படி: உங்கள் தெருவில்

பிறகு உங்கள் ஊர்ச் சாலையில், மற்றொருவர் வண்டி ஓட்ட, நீங்கள் படம் எடுத்து மாதிரிக்குக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் வேப்பமரத்தின் புள்ளி நிழலையும், குழாய் பதித்தபின் ஒட்டுப்போட்ட தாரையும் அது பள்ளம் என்றது. மழைநீர் நிரம்பி வானத்தைப் பிரதிபலித்த உண்மையான பள்ளத்தைக் காணாமல் விட்டது. இத்தகைய படங்களைத் தனியே சேர்த்து, சரியாகக் குறித்துப் பயிற்சிப் பங்கில் இட்டு மீண்டும் பயிற்றுவியுங்கள். சோதனைப் பங்கை மட்டும் தொடாதீர்கள். அது மாறினால் முந்தைய முடிவோடு ஒப்பிட முடியாது. படங்களைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், வண்டி எண்களையும் முகங்களையும் மங்கலாக்கிய பிறகே கொடுங்கள்.