பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் பெரியவர்களுக்காகக் கேட்க வேண்டியவை

சென்னையில் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய ஃபிளாட்டுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே போதும் என்பதால் பேச்சு இன்னும் வேகமாக ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டடங்களின் உரிமையாளர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். ஆனால் மீட்டிங்கில் பேசப்படுவதெல்லாம் எத்தனை சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும், கார் பார்க்கிங் ஒன்றா இரண்டா என்பதுதான். முட்டிவலியோடு அங்கே குடிவரப் போகிறவர் எப்படி உள்ளே போவார், வெளியே வருவார் என்று யாரும் கேட்பதில்லை.

பில்டர் பிளானை நீட்டியதும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் தொடங்கி லிஃப்ட், வீட்டு வாசல், படுக்கையறை, பாத்ரூம் வரை ஒரே கோடாக இழுங்கள். அதில் எங்கெல்லாம் படி, எங்கெல்லாம் குறுகல் என்று வட்டம் போடுங்கள். பிளான் அனுமதிக்குப் போகும் முன் இதைச் செய்தால் மாற்றுவதற்குச் செலவே கிடையாது என்று சொல்லலாம், கான்கிரீட் போட்ட பிறகு கெஞ்சினாலும் நடக்காது.

முதல் வட்டம் பெரும்பாலும் லிஃப்டுக்கு முன்னாலேயே விழும். ஸ்டில்ட் தரையிலிருந்து, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தளத்திலிருந்து, லிஃப்ட் வாசலுக்கு மூன்று படி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். லிஃப்ட் இருக்கிறது என்று நம்பி வந்த என் அம்மாவை இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மூன்று படிக்காக இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு ரேம்ப், அதாவது சாய்வுப் பாதை, போட்டுத் தந்தார்கள், ஸ்கூட்டர் ஏற்றத்தான் அது லாயக்கு. கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி என்றால் ஒன்றரை அடி, அதற்கு 18 அடி ரேம்ப். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மனையை மூன்றடி உயர்த்துகிறார்கள், அது நியாயம்தான், ஆனால் அப்போது 36 அடி வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளமும் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு எங்கே இடம் என்பதை இப்போதே பிளானில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி, தரை சொரசொரப்பாக. லிஃப்ட் வாசல் ஸ்டில்ட் தரை மட்டத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது, ஒரு வட்டம் குறையும்.

லிஃப்டில் பில்டர் மிச்சம் பிடிப்பார். ஆறு பேர் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகாது, ஆள் படுத்திருக்க ஆறடிக்கு மேல் உள் ஆழம் வேண்டும். அது கட்டுப்படியாகாவிட்டால் சக்கர நாற்காலியாவது தள்ளுகிறவரோடு சேர்த்து நுழைகிற மாதிரி கதவு 900 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். மாடிப்படித் திருப்பத்தில் நாற்காலியில் வைத்து ஆளைத் தூக்கித் திருப்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் அருகிலுள்ள மாடியில் நின்று கதவு திறக்கிற வசதியும், லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஜெனரேட்டர் இணைப்பும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும், வாய்வார்த்தை வேண்டாம்.

அடுத்தது பாத்ரூம், பெரியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம். இரண்டரை அடிக் கதவில் இரண்டு பக்க நிலைச்சட்டமும் தின்றது போக 25 அங்குலம் மிஞ்சினால் அதிகம், சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. மூன்றடிக்கு மேல் நிலை கேளுங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசலில் கிரானைட் தடுப்பு வேண்டாம், தரையைச் சரிவாக்கித் தண்ணீரை ஓடவிட்டால் போதும். பிளம்பர் முனகுவார், விடாதீர்கள்.

கைப்பிடி இன்றைக்கே தேவையில்லை என்றாலும் சுவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். லேசான பிளாக் கல்லில் சாதாரண ஸ்க்ரூ போட்டு மாட்டிய கம்பி ஆள் தொங்கினால் கையோடு வந்துவிடும். டைல்ஸ் ஒட்டும் முன்பே கம்மோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் ஒரு கான்கிரீட் பட்டை போடச் சொல்லுங்கள். கம்மோடு உட்காரும் உயரம் 18 அங்குலம் இருந்தால் எழுந்திருப்பது சுலபம். பளபள டைல்ஸ் ஹாலோடு நிற்கட்டும். படுத்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச், அது பாத்ரூம் போகும் வழியின் விளக்கையும் எரிய வைக்க வேண்டும்.

இன்னொன்று, திண்ணை. மொட்டைமாடியில் ஹால் கட்டித் தருகிறேன் என்பார்கள், அங்கே சாயங்காலம் எந்தப் பாட்டி ஏறிப் போவார்? கேட்டுக்குப் பக்கத்தில், தெருவும் காய்கறி வண்டியும் கண்ணில் படும்படி, முதுகுச் சாய்வும் கைவைக்கும் சட்டமும் உள்ள இரண்டு பெஞ்ச் போதும். அதற்காக ஒரு கார் இடம் போனாலும் போகட்டும் என்பது என் கட்சி. மீட்டிங்கில் இதைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. கட்டி முடிக்க இரண்டு வருஷமாவது ஆகும், எண்பது வயதுக்காரருக்கு அது சின்னக் காலமல்ல. மாத வாடகை, அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்கும் செலவு, தாமதமானால் நாள் கணக்கில் இழப்பீடு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாடகை வீட்டைத் தரைத்தளத்தில், அதே பேட்டையில் பாருங்கள், பழகிய டாக்டரும் மருந்துக்கடையும் கோயிலும் கைவிட்டுப் போகாமல் இருக்கும்.

சாவி வாங்கும் நாளில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். நீங்கள் உட்காருங்கள், பில்டரின் ஆளைத் தள்ளச் சொல்லுங்கள், கேட்டிலிருந்து கம்மோடு வரை. எங்கே முட்டுகிறதோ அதைச் சரிசெய்து தந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.